கேம் நடுவில் கம்ப்யூட்டரை அணைப்பது யார்?

மதுரையில் இருக்கும் என் அக்கா மகன் மூன்று மாதமாக ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தான். வேலைக்குப் போன முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் சேர்த்த கேமிங் கம்ப்யூட்டர். படம் பார்த்தால் ஓடுகிறது. ஆபீஸ் வேலைக்கு ஓடுகிறது. ராத்திரி முழுக்க டவுன்லோடு போட்டாலும் ஓடுகிறது. பெரிய கேம் ஒன்றைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிடம் போய், எதிரிகள் கூட்டமாக வந்து திரை முழுக்க நெருப்பும் புகையுமாக ஆகிற நேரத்தில் டப்பென்று நின்றுவிடுகிறது. நீலத்திரை இல்லை, எர்ரர் இல்லை, முன்னறிவிப்பு எதுவும் இல்லை.

அதற்குள் அவன் பார்க்காத வைத்தியம் இல்லை. விண்டோஸை அழித்து மறுபடி போட்டாயிற்று. ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியாயிற்று. பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதுசாகப் போட்டாயிற்று. கடைசியில் ஒரு சர்வீஸ் கடையில் இரண்டு நாள் வைத்திருந்து, "கிராஃபிக்ஸ் கார்டு போயிருக்கும் தம்பி, மாத்திடலாம்" என்றார்களாம். திரையில் படம் வரையும் அந்தக் கார்டின் விலை அவனுடைய இரண்டு மாதச் சம்பளம். அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

"ஆஃப் ஆனப்புறம் முன்னாடி இருக்கிற பட்டனை அழுத்தினா உடனே ஆன் ஆகுதா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. எத்தனை தடவ அழுத்தினாலும் அப்படியே செத்த மாதிரி கெடக்கு. பின்னாடி கரண்டு உள்ள வர்ற எஸ்எம்பிஎஸ் பெட்டியில இருக்கிற சின்ன ஸ்விட்சை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் கழிச்சு ஆன் பண்ணாத்தான் வருது."

"அப்ப கார்டை மாத்தாத மாப்ள. நான் ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. லோடு ஏறும்போது நின்றுபோகும் கம்ப்யூட்டர் என்றதும் எல்லாரும் "எந்தப் பாகம் கெட்டுப்போச்சு" என்றுதான் தேட ஆரம்பிக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் அது அணைவதில்லை, அணைக்கப்படுகிறது. கேபினட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கரண்டைத் துண்டிக்கும் அதிகாரம் உள்ள காவல்காரர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். சுவர்க் கரண்டைப் பாகங்களுக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித்தரும் எஸ்எம்பிஎஸ் ஒருவர். பிராசஸர் இன்னொருவர். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மதர்போர்டுக்கும் தனித்தனியாக ஆள் உண்டு. சுவர்ப் பக்கம் போனால் யுபிஎஸ். ஒவ்வொருவரும் அணைக்கும் விதம் வேறு, விட்டுப்போகும் தடயமும் வேறு. எந்தக் கை அணைத்தது என்று தெரியாமல் பாகம் வாங்கக் கிளம்பினால் பர்ஸ்தான் காலியாகும்.

முதலில் "ஆஃப் ஆகுது" என்ற வார்த்தையையே கொஞ்சம் பிரித்துக் கேட்க வேண்டும். ஃபேன், விளக்கு எல்லாம் ஒரே நொடியில் நின்று, பட்டனுக்கும் அசையாமல் கிடந்தால் கண் எஸ்எம்பிஎஸ் பக்கம் போக வேண்டும். அது ஆபத்து என்று நினைத்து வெளியே போகும் கரண்டை நிறுத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது. பல மாடல்களில் மெயின் கரண்டையே எடுத்து, உள்ளே தங்கியிருக்கும் சார்ஜ் இறங்கினால்தான் அந்தத் தாழ்ப்பாள் விலகும். நின்ற வேகத்தில் தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆனால் கதை வேறு. சுவரிலிருந்து வரும் கரண்டு ஒரு கணம் தள்ளாடியிருக்கலாம், அல்லது பிராசஸர் தனக்குள் ஒரு பிழையைக் கண்டு ரீசெட் ஆகியிருக்கலாம். திரை மட்டும் கறுப்பாகி, ஹெட்போனில் கேமின் சத்தம் இன்னும் சில நொடி கேட்டு, கார்டின் ஃபேன் ஜெட் விமானம் மாதிரி இரைய ஆரம்பித்தால், கம்ப்யூட்டர் அணையவே இல்லை. கார்டு மட்டும் கையை விரித்துவிட்டது. நீலத்திரை வந்தால் சந்தோஷப்படுங்கள். விண்டோஸுக்குச் சாகும் முன் நாலு வார்த்தை எழுத நேரம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். டிரைவர், ரேம் போன்றவற்றைத் தேடலாம்.

இதைக் கவனிக்காமல் பலரும் நேராக, நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவருக்குப் போகிறார்கள். அங்கே சிவப்புக் குறியோடு "கெர்னல்-பவர் 41" என்று இருக்கும். அதைத்தான் நோய் என்று நினைத்து வாரக்கணக்கில் அந்த நம்பரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த வரி அணையும்போது எழுதப்படுவதே இல்லை. அடுத்த முறை கம்ப்யூட்டர் எழுந்ததும், "போன தடவை ஒழுங்காக விடைபெறாமல் நின்றிருக்கிறேன்" என்று விண்டோஸ் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. கரண்டு போனாலும் 41, பிளக்கைப் பிடுங்கினாலும் 41. அதற்குள் திறந்து பார்த்தால் பக்செக்கோடு என்று ஒரு எண் இருக்கும். அது பூஜ்யம் என்றால் நீலத்திரை வருவதற்குக்கூட அவகாசம் இல்லாமல் நின்றிருக்கிறது. பக்கத்தில், ஹார்டுவேர் பிழைகளைக் குறிக்கும் ஹீயா-லாகர் 18 என்ற பதிவும் இருந்தால் பிராசஸர் தரப்பில் உண்மையிலேயே ஏதோ பிழை நடந்திருக்கிறது. இவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் கிடைக்கும். மிச்சத்தைக் காதும் கண்ணும்தான் சொல்ல வேண்டும்.

சரி, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது மாப்பிள்ளை கணக்கை நோட்டில் போட்டே வைத்திருந்தான். கிராஃபிக்ஸ் கார்டு 320 வாட். பிராசஸர் எவ்வளவு இழுத்தாலும் 140. ஃபேன், டிஸ்க், மதர்போர்டு எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 510. எஸ்எம்பிஎஸ்ஸோ 650 வாட். "140 வாட் மிச்சம் இருக்கே மாமா?" கூட்டலில் தப்பில்லை. தப்பு அந்த 320 என்ற எண்ணைப் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது.

அது சராசரி. ஒரு கேமில் கார்டு செய்யும் வேலை சீராக இருப்பதில்லை. ஒரு ஃபிரேமை, அதாவது திரைக்கான ஒரு படத்தை, வரைய ஆரம்பிக்கும்போது கார்டுக்குள் கணக்குப் போடும் ஆயிரக்கணக்கான கோர்கள் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுகின்றன, ஃபிரேம் முடிந்ததும் ஒரு கணம் சும்மா நிற்கின்றன, அடுத்த ஃபிரேமுக்கு மறுபடி ஓட்டம். இது நொடிக்கு நூறு தடவை நடக்கிறது. சிப் இழுக்கும் சக்தி அதன் வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும் என்பதால், வேகத்தை உச்சத்துக்கு ஏற்றி வோல்டேஜையும் கூட்டும் அந்தக் கணங்களில் இழுவை மலைபோல் எழுந்து இறங்கும். கார்டின் சொந்தக் கட்டுப்பாடு சராசரியை 320-க்குள் பிடித்து வைக்கும், ஆனால் மைக்ரோசெகண்டில் எழும் முகடுகளை அதனால் பிடிக்க முடியாது. 2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்தபோது இந்த விவகாரம் ஊரறிந்தது. 320, 350 வாட் என்று போட்ட கார்டுகள் கண நேரத்துக்கு அதைப்போல ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும் இழுத்தன. நல்ல பிராண்டில் 850 வாட் எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தவர்களிடமிருந்துகூட அது தானாகத் துண்டித்துக்கொள்கிறது என்று புகார்கள் வந்தன.

மாப்பிள்ளையின் கணக்கில் 320-க்குப் பதில் 520 போட்டுப் பாருங்கள். மொத்தம் 710. அது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம்தான் என்றாலும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் காவல்காரர் ரொம்ப உஷாரானவராக இருந்தால் அதுவே போதும், விசில் ஊதிவிடுவார். எந்த அளவுக்கு மேல் போனால் துண்டிப்பது என்பதைத் தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். பெரும்பாலும் எழுதிய வாட்டுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி ஐம்பது சதவீதம் மேலே வரை எங்காவது வைத்திருப்பார்கள். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். அதனால்தான் ஒரே 650 வாட் என்று எழுதிய இரண்டு பெட்டிகளில் ஒன்று தாங்கும், இன்னொன்று விழும்.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. இந்த முகடுகளை நாம் சாதாரணமாகப் பார்க்கவே முடியாது. சூடு, வாட் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி மென்பொருள் வழக்கமாக இரண்டு நொடிக்கு ஒரு தடவைதான் அளவெடுக்கும். 100 மைக்ரோசெகண்ட் முகடு என்பது அந்த இடைவெளியில் 20,000-இல் ஒரு பங்கு. சுவரில் மாட்டும் வாட் மீட்டருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்குள் கரண்டைத் தேக்கி வைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர்கள் அந்தக் குலுக்கலைத் தாங்கி மழுப்பிவிடும். ஸ்க்ரீன்ஷாட்டில் 430 வாட் என்று காட்டும், கம்ப்யூட்டர் அணையும். "மீட்டர்ல 430தான் காட்டுது, எஸ்எம்பிஎஸ் மேல பழி போடாதீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

இதே காரணத்தால்தான் ஃபர்மார்க் என்ற கார்டு சோதனை மென்பொருளைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து "கார்டும் நல்லாருக்கு, எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லாருக்கு" என்று தீர்ப்பு சொல்வது தப்பாகிறது. ஃபர்மார்க் கார்டைக் கடுமையாக வாட்டும், ஆனால் சீராக வாட்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும் லாரி மாதிரி. கேம் என்பது மதுரை டவுன் பஸ். நிற்கும், சீறும், மறுபடி நிற்கும். ஏற்ற இறக்கத்தில்தான் முகடு எழுகிறது. ஃபர்மார்க்கில் பாஸ், கேமில் ஃபெயில் என்றால் அந்த முரண்பாடே ஒரு தடயம்.

இந்தப் பிரச்சினையைத் தொழில்துறை ஒப்புக்கொண்டு தரநிலையையே மாற்றியது. 2022 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, பெரிய கார்டுகளுக்கான புது இணைப்பு உள்ள எஸ்எம்பிஎஸ்கள் தம் மீது எழுதிய வாட்டைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்டுக்குத் தாங்க வேண்டும் என்றது. அதற்கு முன்னால் செய்தவற்றிலும் தாங்கக்கூடியவை உண்டு, ஆனால் அது அந்தத் தயாரிப்பாளரின் நல்ல மனசைப் பொறுத்தது. இன்னொன்று, கடைகளில் "கோல்டு வாங்குங்க சார்" என்கிறார்களே, அந்த 80 பிளஸ் முத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. சோதிப்பதும் சுமார் 23 டிகிரி அறையில். சித்திரை மாத மதியத்தில், மூடிய டேபிளுக்குள் கேபினட்டை வைத்திருக்கும் நம் வீட்டு நிலவரம் அதில் வராது.

மாப்பிள்ளையிடம் இருந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வயது வேறு ஆகியிருந்தது. முந்தைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது, ஆறு வருடம். "அதுல நல்லாத்தான ஓடுச்சு" என்றான். ஓடியிருக்கும். அந்தப் பழைய கம்ப்யூட்டரின் கார்டு 120 வாட். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் சூட்டில் மெதுவாக உலர்ந்துகொண்டே வரும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கணக்கு. வயதான கெப்பாசிட்டர், முகட்டின்போது 12 வோல்ட்டைத் தாங்கிப்பிடிக்க முடியாமல் கீழே விடும். 11.4-க்குக் கீழே போனால் தரநிலைப்படி அது தப்பு வோல்டேஜ்.

சோதனைக்குக் காசு செலவழிக்கவில்லை. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கலாம் என்ற வாட் எல்லையை, 70 சதவீதத்துக்கு இறக்கினோம், ஃபிரேம் ரேட்டை நொடிக்கு 60-இல் பூட்டினோம். அதே கேம், அதே கட்டம். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து விளையாடினான். ஒரு மணி நேரம் போயிற்று, அணையவில்லை. லிமிட்டை மறுபடி நூறுக்கு ஏற்றி, பூட்டை எடுத்தோம். பன்னிரண்டாவது நிமிடம் டப். பவர் லிமிட் ஒன்றை மட்டும் 70-க்கு இறக்கினால் மறுபடி நிற்கிறது, அதாவது அணைவது நிற்கிறது. கார்டே கெட்டிருந்தால் பவர் லிமிட்டுக்கு இவ்வளவு விசுவாசமாக நடந்துகொள்ளாது. படத்தில் கோடு, புள்ளி, டிரைவர் விழுவது என்று வேறு சேட்டைகளும் வந்திருக்கும்.

அப்புறம் பக்கவாட்டுக் கதவைத் திறந்தபோது கேபிளைப் பார்த்தேன். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்ததோ ஒரே கேபிள், நுனியில் இரண்டு தலை. ஒரு 8 பின் இணைப்புக்கு 150 வாட் என்பது கணக்கு, மதர்போர்டின் ஸ்லாட் 75 தரும். மிச்சம் 245 வாட் அந்த ஒற்றைக் கேபிள் வழியாகத்தான் போயாக வேண்டும், 20 ஆம்பியருக்கு மேல். சராசரிக்கே இப்படி, முகட்டுக்கு எப்படி? டப்பாவில் இன்னொரு கேபிள் சும்மா கிடந்தது. இரண்டையும் தனித்தனியாக மாட்டினோம். அதனால் நோய் முழுசாகத் தீரவில்லை, பன்னிரண்டு நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது. செலவில்லாத வைத்தியம் என்பதால் யாராக இருந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். புது 12 வோல்ட் 16 பின் இணைப்பு உள்ள கார்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். 600 வாட் வரை, அதாவது 50 ஆம்பியர், ஆறே ஆறு சிறிய பின்கள் வழியாகப் போகிறது. கடைசி மில்லிமீட்டர் வரை அழுத்தி உட்கார வைக்காவிட்டால் பிளாஸ்டிக் உருகிவிடக்கூடும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே உருகிய இணைப்புகளின் படங்கள் வர ஆரம்பித்தன. கேபினட் பக்கம் கருகல் வாடை வந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், பிளக்கைப் பிடுங்குங்கள்.

இவ்வளவு தூரம் வந்தும் சூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். "ஹீட் ஆகுது, அதான் ஆஃப் ஆகுது" என்பதுதான் எல்லார் வாயிலும் முதலில் வரும் பதில், ஆனால் இன்றைய பிராசஸரைச் சூடு மட்டும் அணைப்பது அவ்வளவு எளிதல்ல. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர்களின் மேலிருந்து, சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டியபடி உயிரோடு இருந்தது. ஏஎம்டியின் அத்லான் புகைந்து கருகியது. அதற்குப் பின் வந்தவை எல்லாமே தம்மைக் காத்துக்கொள்ளக் கற்றவை. இன்டெல் சிப்கள் பொதுவாக 100 டிகிரி, ரைசன் 7000 வரிசை 95 டிகிரி என்று எல்லை வைத்திருக்கின்றன. அதைத் தொட்டால் முதலில் வேகத்தைக் குறைக்கும். கேம் திக்கும், ஆனால் ஓடும். அதையும் மீறிக் கணிசமாக ஏறினால்தான் கரண்டையே துண்டிக்கச் சொல்லும். ஆகவே 85 டிகிரி காட்டியது, அதனால் அணைந்தது என்பது சரியான விளக்கமாக இருக்காது.

சூடுதான் காரணம் என்றால் நேரம் காட்டிக்கொடுக்கும். லோடு கொடுத்த பத்து, இருபது நொடியில் அணைந்து, அடுத்த பூட்டில் மதர்போர்டு பிராசஸர் சூடு பற்றி எச்சரிக்கை காட்டினால், கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது வாட்டர் கூலரின் பம்ப் நின்றுவிட்டது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிய கேபினட்டை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒன்றை மாட்டியது நான்தான். மாறாக, அரைமணி, முக்கால் மணி நேரம் நன்றாக ஓடி, தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் அணைந்து, ஆறும்வரை எழாமல் இருந்தால், மெதுவாகச் சூடாகும் ஏதோ ஒன்று. அது மதர்போர்டில் பிராசஸருக்கு வோல்டேஜ் தரும் பகுதியாக இருக்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸாகவே இருக்கலாம். பெரும்பாலான கேபினட்டில் எஸ்எம்பிஎஸ் கீழே இருந்து காற்றை உறிஞ்சும். அந்த வலையைக் கழற்றிப் பாருங்கள். கம்பளி போர்வை மாதிரி தூசி வரும். பிராசஸரின் சூடு மென்பொருளில் தெரியும், எஸ்எம்பிஎஸ்ஸின் சூடு பெரும்பாலும் எதிலும் தெரியாது. அதனால்தான் அது சந்தேகத்திலிருந்து எப்போதும் தப்பித்துக்கொள்கிறது.

இனி கேபினட்டுக்கு வெளியே. இது நம்மூர் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம், வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் அவ்வளவாக வராது. எங்கள் தெருவில் ஒரு வீடு. பையனின் கம்ப்யூட்டர் பகலில் எவ்வளவு விளையாடினாலும் ஒன்றும் ஆகாது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் அணையும். கேபினட்டைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. மேஜைக்கு அடியில் 600 விஏ யுபிஎஸ். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரோடு வந்தது. 600 என்று பெரிய எழுத்தில் இருக்கும், ஆனால் அது வாட் அல்ல. பின்னால் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருந்தது. கம்ப்யூட்டரும் மானிட்டரும் கேமில் 400-ஐத் தாண்டின. மெயின் கரண்டு இருக்கும்வரை யுபிஎஸ் எப்படியோ சமாளித்துக் கடத்திவிடுகிறது. சாயங்காலம் தெருவில் ஏசி எல்லாம் ஓட ஆரம்பித்து வோல்டேஜ் இறங்கியதும், யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவுகிறது. பேட்டரியில் 400 வாட்டைப் பார்த்ததும் ஒரு பீப், அத்தோடு சரி. அந்த பீப் சத்தத்தை ஹெட்போன் மாட்டியிருந்த பையன் கேட்டதே இல்லை. சமையலறையிலிருந்த அவன் அம்மாதான், "அது நிக்கும்போது ஒரு சத்தம் வருமே அண்ணே" என்றார்.

யுபிஎஸ் இல்லாமல் நேரடியாக மாட்டினாலும் வோல்டேஜ் தள்ளாடினால் கேம் நேரத்தில் மட்டும் அணைவதற்கு ஒரு காரணம் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி, கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். மெயின் கரண்டு ஒரு கணம் அறுந்தால் அந்தத் தேக்கத்தில்தான் ஓட வேண்டும். முழு லோடில் சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்பது பழைய ஏடிஎக்ஸ் கணக்கு. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட். வீட்டில் ஒரு குழாய் மட்டும் திறந்திருந்தால் தொட்டி வெகுநேரம் வரும், எல்லாக் குழாயும் திறந்திருந்தால் சட்டென்று காலி. சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் ஐந்தில் ஒரு பங்குதான் இழுக்கிறது என்பதால் அந்தச் சின்ன வெட்டைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். கேம் ஓடும் கம்ப்யூட்டர் அதே வெட்டில் விழும். வீட்டு டியூப்லைட்கூட ஒரு தடவைதான் கண் சிமிட்டியிருக்கும். மலிவான எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் 200 முதல் 240 வோல்ட் என்று மட்டும் போட்டிருப்பார்கள். 100 முதல் 240 என்று போட்டிருப்பதோடு ஒப்பிட்டால் வோல்டேஜ் இறங்கும் ஊரில் அதற்கு மூச்சு குறைவு. சோதிக்க எளிய வழி, யுபிஎஸ்ஸையும் ஸ்பைக் பஸ்டரையும் ஒதுக்கிவிட்டு, ஏசி, கீசர் மாதிரி பெரிய சாமான்கள் மாட்டும் 16 ஆம்பியர் பாயிண்டில் நேரடியாக மாட்டி ஒரு சாயங்காலம் விளையாடிப் பார்ப்பதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரேமை எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கில் அதிக வேகத்தில் ஓட்டுவது நீலத்திரையும் கேம் மூடிக்கொள்வதும் தரும், பொட்டென்று கரண்டு போவது அபூர்வம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் வோல்டேஜ் கோளாறு இருந்ததை அந்த நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. அதிலும் பெரும்பாலும் கேம்தான் விழும், கம்ப்யூட்டர் அல்ல. அந்தச் சிப் வைத்திருப்பவர்கள் எப்படியும் பயாஸைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. ஐ9-13900கே மாதிரி ஒன்றில் 125 வாட் என்று போட்டிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள், டர்போவில் 253 வரை போகும்.

கேம் தொடங்கும் முன்பே, மெனுவிலேயே அணைகிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெனுவில் வரைய ஒன்றும் இல்லாததால் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேல் ஃபிரேம் தள்ளும். 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு கேம் பீட்டாவாக, அதாவது சோதனைப் பதிப்பாக, வந்தபோது ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்தே போயின. அதன் பின் அமேசான் மெனுவில் ஃபிரேம் ரேட்டுக்குப் பூட்டுப் போட்டது. கார்டு செய்த ஈவிஜிஏ, தன் கார்டுகளில் சாலிடரிங் குறை இருந்ததாகப் பின்னால் சொல்லி மாற்றிக்கொடுத்தது.

சர்வீஸ் கடைகளில் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக எடுத்து, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் சேர்த்து, ஃபேன் சுற்றினால் "எஸ்எம்பிஎஸ் ஓகே" என்பார்கள். ஆட்டோவை ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, கொடைக்கானல் மலை ஏறும் என்று சொல்வதற்குச் சமம். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கடையில் கேமும் இல்லை, விளையாட நேரமும் இல்லை. கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது எப்போது, எத்தனை நிமிடத்தில், எப்படி அணைகிறது, மறுபடி எப்படி எழுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பாதி வேலை மிச்சம். முடிந்தால் வேறு ஒரு பெரிய எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கை எடுத்த பின்பும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கும்.

மாப்பிள்ளை கடைசியில் ஏடிஎக்ஸ் 3.0 போட்ட 850 வாட் ஒன்றை வாங்கினான். சென்னைக்கு வந்திருந்தபோது ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, கார்டு விலையில் ஆறில் ஒரு பங்குக்கு. அதை மாட்டி ஏழு மாதம் ஆகிறது. பவர் லிமிட்டை நூறுக்கு ஏற்றிவிட்டான், ஃபிரேம் பூட்டையும் எடுத்துவிட்டான். கழற்றிய 650 வாட்டை நான் கேட்டு வாங்கி, அக்காவின் தையல் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அது மொத்தமே 70 வாட்தான் இழுக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறது, இதுவரை ஒரு தடவைகூட அணைந்ததில்லை.